அக்கா பெயரில் பதிமூன்று வருடம்

ஆம்பூரைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் இருந்த ஒரு ஷூ கம்பெனியில், 'ஜெஸி' என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவளின் பெயர் இன்பம். நிஜமான ஜெஸி அவளுடைய அக்கா. அந்த அக்கா கம்பெனி வாசலை மிதித்ததே இல்லை.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. பதினெட்டு வயது ஆகாத பெண்களைக் கம்பெனிகள் சேர்க்கக் கூடாது என்று சட்டம் சொன்னது. சேர்க்காவிட்டால் ஆர்டர் நேரத்துக்குக் கப்பல் ஏறாது. இரண்டுக்கும் நடுவில் ஊர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. வீட்டில் பதினெட்டு முடிந்த அக்கா ஒருத்தி இருந்தால் போதும், அவளுடைய டி.சி. நகலும் தங்கையின் போட்டோவும் சேர்ந்து ஓர் அடையாள அட்டை ஆகிவிடும். அக்கா இல்லாத வீட்டுப் பெண்கள் பெரியம்மா மகளிடம் பெயரை இரவல் வாங்கினார்கள். ஒரே சித்தியின் பெயரில் இரண்டு பெண்கள் இரண்டு ஷிப்டில் வேலை பார்த்த கூத்தும் நடந்தது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை, சொல்ல வேண்டியவர்களும் சொல்லவில்லை.

1995இல் அப்பா ஞானசீலன் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்து நெஞ்சு கெட்டுப் படுத்தார். அதே மாதம் ஜெஸிக்கு வேலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. வீட்டில் யாராவது ஒருத்தி சம்பாதித்தால்தான் இன்னொருத்தி படிக்க முடியும். ஒன்பதாவது முடித்திருந்த இன்பத்துக்குப் பதினைந்து வயது. ஜெஸியின் டி.சி. நகலோடு அவள் கம்பெனி வாசலில் போய் நின்றாள். லைன் சூப்பர்வைசர் நசீமுன்னிசா அவளை ஏற இறங்கப் பார்த்தார். கம்பெனியில் எல்லாருக்கும் அவர் 'ஆபா', மூத்த சகோதரி.

"உனக்குப் பதினெட்டா?"

"ஆமா ஆபா."

"சரி, இருக்கட்டும். உள்ள வந்துட்டா உன் பேரு ஜெஸி. தூக்கத்துல கூப்பிட்டாலும் ஜெஸி. புரியுதா?"

புரிந்தது. அட்டையில் ஜெஸி என்ற பெயரை ஆபாவே எழுதிக் கொடுத்தார். இன்பத்துக்கு மடிப்பு வேலை கொடுத்தார்கள். ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டிய தோலின் ஓரத்தில் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி, நூலளவு மடித்து, சின்னச் சுத்தியால் தட்டிப் படியவைக்க வேண்டும். அந்தக் கைக்கு வேலை சீக்கிரம் பிடிபட்டது. ஆறு மாதத்தில் லைனில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அடுத்த வருடம் அக்டோபரில் ஒரு நாள், ஜன்னல் திறக்காத ஒட்டும் பிரிவில் சொல்யூஷன் நெடி தாங்காமல் முனியம்மா என்ற பெண் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி கேட்டதற்கு, ஷிப்ட் முடியட்டும் என்று ஆபீசில் பதில் வந்தது. பெண்கள் மேஜையை விட்டு எழுந்து வெளியே வந்து நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் திட்டம் போடவில்லை, கோபம்தான் கொண்டுபோய் உட்கார வைத்தது. அரை மணி நேரத்தில் போலீஸ் வந்தது. எங்கிருந்தோ ஒரு கல் பறந்து நின்றிருந்த பஸ்ஸின் கண்ணாடியை உடைத்தது. கையில் அகப்பட்ட இருபத்துமூன்று பெண்களை வேனில் ஏற்றினார்கள். இன்பம் பதினான்காவது ஆள்.

ஸ்டேஷனில் ஏட்டு எல்லாருடைய அட்டையையும் வாங்கிப் பார்த்துப் பார்த்து எழுதினார். பெயர் ஜெஸி, வயது பத்தொன்பது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இன்பம் தவித்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையை அழுத்திப் பிடித்துக் காதில் சொன்னாள்.

"பதினாறுன்னு சொன்னா, கவர்ன்மெண்ட் ஹோம்ல கொண்டுபோய்ப் போட்டுடுவாங்க. ஆபாவுக்கும் வேலை போய்டும். கம்முனு இரு."

கம்மென்று இருந்தாள். எட்டு மாதம் கழித்து ஆம்பூர் கோர்ட்டில் இருபத்துமூன்று பேரையும் வரிசையாக நிறுத்தினார்கள். ஒத்துக்கொண்டால் அபராதம் கட்டி மத்தியானமே வீட்டுக்குப் போகலாம், மறுத்தால் வருடக் கணக்கில் அலைய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியாக ஒத்துக்கொண்டார்கள். "ஜெஸி" என்று கூப்பிட்டதும் இன்பம் முன்னால் போய், "ஒத்துக்கறேங்கய்யா" என்று சொல்லி, அக்காவின் பெயரைத் தமிழில் கையெழுத்துப் போட்டாள். அபராதத்தை ஆபா கட்டினார். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஓவர்டைம் என்று சொல்லிவிட்டாள். ஒரு மாதம் பயந்தாள், பிறகு மறந்தாள். அந்த மறதிக்காகப் பின்னால் அவள் தன்னையே எத்தனை முறை திட்டிக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

ஜெஸி பயிற்சி முடித்து அதே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பா போய்ச் சேர்ந்தார். இன்பத்துக்கு ஜோவின் என்ற லாரி டிரைவரோடு கல்யாணம் நடந்தது. மணமகள் இன்பம் என்று போட்ட பத்திரிகையைப் பார்த்துக் கம்பெனிப் பெண்கள் விழித்தபோது, "பிரஸ்காரன் பண்ண கோளாறு" என்று ஆபா முகம் மாறாமல் சமாளித்தார். ஆபாவுக்குப் பொய் தண்ணீர் பட்ட பாடு. நல்ல காரியத்துக்குத்தான் சொல்வார் என்பதால் யாரும் குறை சொன்னதில்லை.

2008 ஜூன் மாதம் ஜெஸிக்கு அரசாங்க உத்தரவு வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பதினோரு வருடம் காத்திருந்தாள். கிராம சுகாதார செவிலியர் பணி, அமிர்திப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையம். முப்பத்தொரு வயதில் கிடைத்த நிரந்தர வேலை. ஜெஸி தங்கை வீட்டுக்கு லட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். மூன்றே வாரத்தில் இன்னொரு கடிதத்தோடு வந்தாள். இந்தத் தடவை கையில் லட்டு இல்லை.

இன்பம் அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். ஜெஸி கடிதத்தைப் படித்துக் காட்டினாள். காவல்துறை விசாரணையில் மேற்படியார் 1997ஆம் ஆண்டு குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டவர் எனத் தெரியவருகிறது. அறுபது நாட்களுக்குள் தகுந்த விளக்கமும் ஆதாரமும் தராவிட்டால் நியமனம் ரத்தாகி அடுத்தவருக்குப் போய்விடும்.

"சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல போய்க் கேட்டேன். பஸ் கண்ணாடிய ஒடச்சேனாம். நான் எந்த ரோட்ல போய் உக்காந்தேன்? நான் அப்ப ஹாஸ்டல்ல இருந்தேன். இன்னா அநியாயம் இது?"

இன்பத்தின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எதுனா தப்பா எழுதியிருப்பாங்கக்கா" என்றாள். கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது. இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை பஸ் பிடித்து வேலூருக்குப் போய், ஆஸ்பத்திரி வாசலில் ஜெஸியை மடக்கி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

ஜெஸி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"என் பேர்ல நீ வேலைக்குப் போனேன்னுதான் நெனச்சுனு இருந்தேன். என் பேர்ல கோர்ட்டுக்கும் போனியா? இத்தன வருஷத்துல ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலயா உனக்கு?"

"பயமா இருந்துச்சுக்கா. அப்புறம் மறந்துட்டேன்."

"மறந்துட்ட." ஜெஸி திரும்பி டியூட்டிக்குப் போய்விட்டாள்.

ஆம்பூரில் ஷபீ அஹமது என்ற வக்கீல் இருந்தார். அந்த வாரக் கடைசியில் அக்காவும் தங்கையும் அவர் வீட்டில் அவர் முன்னால் உட்கார்ந்தார்கள். அவர் பழைய கேஸ் கட்டின் நகலைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வழி இருக்கு. பதினெட்டு ஆகாத பொண்ணு மேல போட்ட கேஸ் பின்னால அவ வாழ்க்கையக் கெடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. எத்தன வருஷம் கழிச்சும் கோர்ட்ல போய்ச் சொல்லலாம். நிரூபிச்சா பதிவையே எடுத்துடுவாங்க. ஆனா ஜெஸிக்கு அப்ப பத்தொம்பது. சட்டம் அவங்களுக்கு உதவாது, உனக்குத்தான் உதவும். அப்படின்னா அன்னிக்கு அங்க நின்னது நீதான்னு நீயே கூண்டுல ஏறிச் சொல்லணும்."

"சொல்றேன் சார்."

"அவசரப்படாதம்மா. ஆதாரம் இன்னா இருக்கு? உன் போட்டோ, உங்கக்கா பேரு, ரெண்டும் சேர்ந்த கம்பெனி அட்ட. அதக் குடுத்தா கம்பெனிக்குத் தெரிஞ்சுடும். கோர்ட்டு ரெஜிஸ்டரக் கேக்கும். வேல போய்டும். சர்வீசு, பி.எஃப். எல்லாம் ஜெஸி பேர்லதான் நிக்கும். பொய்ப் பேரு சொன்னதுக்குக் கோர்ட்டு தனியா கேஸ் போட்டாலும் போடலாம். உள்ள போகவேண்டி வந்தாலும் வரலாம். நல்லா யோசிச்சுச் சொல்லு."

இன்பம் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். 'வேணாம்டி, எனக்கு ஆஸ்பத்திரி வேலையே போதும்' என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். சொன்னாலும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனாலும் சொல்வாள் என்று மனசு அடித்துக்கொண்டது. ஜெஸி மேஜை மேலிருந்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இன்பத்துக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது.

"மனு எழுதுங்க சார்" என்றாள்.

ஜெஸி பெயரை நீக்கக் கேட்டு ஒன்று, இன்பத்தின் அன்றைய வயதைச் சொல்லி ஒன்று என்று இரண்டு மனு எழுதினார்கள். முதல் வாய்தாவுக்குப் போனால் நடுவர் விடுப்பில் இருந்தார். இரண்டாவது வாய்தாவன்று வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தார்கள். அறுபது நாளில் நாற்பத்துநான்கு நாள் ஓடிப்போனது. ஜோவினிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது, அவன் லோடு ஏற்றிக்கொண்டு ஹூப்ளியில் நின்றிருந்தான். "உள்ள போட்டாங்கன்னா ஜாமீனுக்கு நான் வர்றேன்" என்று மட்டும் சொன்னான். அது ஆறுதலா பயமுறுத்தலா என்று அவளுக்கு விளங்கவில்லை.

கடைசி வாய்தாவுக்கு முந்தின நாள் மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் ஆபாவிடம் போனாள். ஆபாவுக்கு ஓய்வுபெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. கோர்ட்டிலிருந்து கம்பெனிக்கு வந்த கடிதம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"போய் நெஜத்தச் சொல்லு. உங்கக்காவ அல்லா நல்லா வைக்கட்டும்" என்றார் ஆபா. டப்பாவை மூடினார், மறுபடி திறந்தார். "என்னய மட்டும் இழுக்காத ஜெஸி."

அன்றைக்கும் அவர் வாயில் ஜெஸிதான் வந்தது.

கோர்ட்டில் அன்று காலையிலேயே நாற்பது கேஸ். இவர்களுடையதைக் கூப்பிடும்போது பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. இன்பம் கூண்டில் ஏறினாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் நின்ற அதே கூண்டு.  கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடுவர் நடுவயதுப் பெண்மணி. கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"பேர் என்ன?"

"இன்பம். அப்பா பேரு ஞானசீலன்."

"தொண்ணூத்தேழுல இந்தக் கோர்ட்டுல ஜெஸின்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தாங்கம்மா."

நடுவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஷபீ அஹமது இன்பத்தின் பள்ளிச் சான்றிதழைக் கொடுத்தார். ஜெஸி அந்தத் தேதியில் வேலூர் ஹாஸ்டலில் இருந்ததற்கு வருகைப் பதிவேட்டைக் கொடுத்தார். கடைசியாக அடையாள அட்டையைக் கொடுத்தார். எண்ணெய் தடவி இழுத்துப் பின்னிய தலையோடு, பால்மணம் மாறாத முகமுள்ள ஒரு பெண்ணின் போட்டோ. அதன் கீழே ஜெஸி என்ற பெயர். நடுவர் அட்டையையும் கூண்டில் நிற்பவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அரசு வக்கீல் எழுந்தார். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை, வேலையைச் செய்தார். 

"கோர்ட்டையே ஏமாத்தியிருக்கீங்க. இத்தன வருஷம் வாயத் தொறக்கல. அக்காவுக்கு கவர்ன்மெண்ட் வேல வந்ததும் உண்ம வெளிய வருது. வேல வரலன்னா இத வந்து சொல்லியிருப்பீங்களா?"

ஷபீ அஹமதின் கண் 'யோசித்துச் சொல்' என்றது. இன்பம் யோசிக்கவில்லை.

"சொல்லியிருக்க மாட்டேங்கய்யா."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை.

"கண்ணாடிய ஒடச்சது நீங்களா?" அரசு வக்கீல் தொடர்ந்தார்.

"இல்லைங்கய்யா. யாருன்னும் தெரியாது. ஒத்துக்கினா வீட்டுக்குப் போலாம்னாங்க. ஒத்துக்கினேன்."

"சரி. இந்தப் போலி அட்டைய உங்களுக்கு எழுதிக் கொடுத்தது யாரு?"

இந்தக் கேள்விக்குத்தான் ராத்திரி பூராவும் பயந்திருந்தாள். செத்துப்போனவர் பெயர் எதையாவது சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு யோசனை ஓடியிருந்தது.  பின்வரிசையில் ஜெஸி முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"அவங்க பேர நான் சொல்ல மாட்டேங்கய்யா."

"கோர்ட்டு கேட்டா சொல்லித்தான் ஆகணும். தெரியுமில்ல?"

"தெரியுங்கய்யா. பொய் ஒண்ணு சொல்லிடலாம். இனிமே இந்த எடத்துல பொய் சொல்ல வேணாம்னுதான் வந்தேன். அதனாலதான் சொல்ல மாட்டேங்கறேன்."

அரசு வக்கீல் நடுவரைப் பார்த்தார்.  நடுவர் பேனா மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார். முடிந்தது கதை, அக்காவின் வேலையும் போயிற்று, நானும் உள்ளே போகிறேன் என்று இன்பம் முடிவு கட்டிவிட்டாள்.

"இந்த மனுவுக்கு அந்தப் பேர் தேவையில்ல" என்றார் நடுவர். "அடுத்த கேள்விக்குப் போங்க."

அடுத்த கேள்வி அரசு வக்கீலிடம் இல்லை.

நான்கு நாள் கழித்து உத்தரவு வந்தது. அன்று நின்றவள் ஜெஸி அல்ல, இன்பம். அவளுக்கு அப்போது பதினெட்டு முடியவில்லை. பொய்ப் பெயர் சொன்னதும் அந்த வயதில்தான் என்பதால் மேல் நடவடிக்கை வேண்டாம். கோப்பு வேலூரில் உள்ள சிறார் நீதி வாரியத்துக்குப் போனது. வாரியம் வழக்குப் பதிவை நீக்கச் சொல்லி ஸ்டேஷனுக்கும் உத்தரவு அனுப்பியது. ஐம்பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் ஜெஸி அமிர்திப் பக்கம் போய்ப் பணியில் சேர்ந்தாள்.

போகிற அன்று பஸ் ஸ்டாண்டில் இருவரும் நின்றார்கள். ஜெஸி பையைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வக்கீல் வீட்ல நான் வேணாம்னு சொல்லுவேன்னு பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லணும்னுதான் இருந்தேன் இன்பம். வாய் வரல. அந்த வேல எனக்கு வேணும்னு இருந்துச்சு."

இன்பம் அக்காவின் கையிலிருந்த பையை வாங்கி பஸ்ஸில் வைத்தாள். அழக் கூடாது என்று நினைத்திருந்தாள். பஸ் கிளம்பின பிறகு அழுதாள்.

கம்பெனி அதற்கு முன்பே அவளை நிறுத்திவிட்டது. மானேஜர் மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் ரெஜிஸ்டரில் இன்பம் என்று யாருமே இல்லை, இல்லாத ஆளுக்கு நான் எப்படி சர்டிபிகேட் கொடுப்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆபா கேட் வரைக்கும் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

ஷபீ அஹமது அவளுக்குக் கடைசியாக ஒரு புத்தி சொல்லி அனுப்பினார்.

"கோர்ட்டுல எல்லாத்தையும் மூடியாச்சு. நீ வேற கம்பெனில போய், அங்க பதிமூணு வருஷம் வேல செஞ்சேன்னு சொன்னா, அவன் இங்க போன் பண்ணுவான். எந்தப் பேர்லன்னு கேப்பான். மூடினது மறுபடி ஊர் வாய்க்கு வந்துடும். உங்கக்கா வேலைக்கு அது நல்லதில்ல. வாயத் தொறக்காத."

இரண்டு மாதம் கழித்துப் பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். சூப்பர்வைசர் ஹேமலதாவுக்கு இருபத்துநாலு வயதுகூட இருக்காது. நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பேரு?"

"இன்பம்."

"வயசு?"

"இருபத்தெட்டு."

"முன்னாடி எங்கனா வேல செஞ்சிருக்கியா?"

"இல்லீங்க."

ஹேமலதா ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இந்த வயதில் புதிதாக வருகிறவர்கள் குறைவு. ஹெல்பர் என்று எழுதி, அன்றைக்கு எடுத்த பதினெட்டு வயதுப் பெண்களோடு மடிப்பு மேஜையில் உட்கார வைத்தாள். சுத்தியை எப்படிப் பிடிப்பது, சொல்யூஷன் எவ்வளவு தடவுவது, ஓரத்தை எந்த அளவில் மடிப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். இன்பம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஹேமலதா தடவச் சொன்னது கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவு தடவினால் காய்ந்த பிறகு ஓரம் விறைக்கும். இன்பம் அதைச் சொல்லவில்லை.

பக்கத்துப் பெண்கள் முதல் துண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே இன்பத்தின் கை மூன்றை முடித்துவிட்டது. கை தானாகச் செய்த வேலை, அவள் கவனித்து நிறுத்துவதற்குள் நடந்துபோனது. ஹேமலதா ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மடிப்பு மயிரிழை பிசகவில்லை.

"இல்லன்னு சொன்ன?"

"பாத்துதாங்க செஞ்சேன். நீங்க காட்டினீங்களே."

"எல்லாம் இப்படி வராது. திரும்ப ஒண்ணு செஞ்சு காட்டு."

இன்பம் நாலாவது துண்டை எடுத்துச் சொல்யூஷனைத் தாராளமாகத் தடவினாள். ஓரத்தைக் கோணலாக மடித்து, வேண்டாத இடத்தில் இரண்டு தட்டுத் தட்டி நீட்டினாள்.

ஹேமலதாவுக்குச் சிரிப்பு வந்தது. "பாத்தியா, ஏதோ அதிர்ஷ்டத்துல மூணு வந்துடுச்சு. மெதுவா பழகிக்கோ. ஆறு மாசம் ஆகும்."

"சரிங்க மேடம்" என்று இன்பம் அந்தக் கோணல் மடிப்பைப் பிரிக்க ஆரம்பித்தாள்.